புளி ஊற்றாத கொடுவா

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் சேர்ந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று மருமகள் மீனுக்கு மல்லித்தழை அரைத்த வாசம் என்னைச் செங்கோட்டைப் பக்கம் இலஞ்சியில் நான் பிறந்த வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

வெள்ளைக்காரன் காலம். அம்மா பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். அப்பா செங்கோட்டையிலிருந்து கொடுவா மீன் வாங்கி வந்தார். கொல்லம் ரயிலில் வந்த கடல் மீன் என்றார். எங்களுக்குக் குளத்து விரால்தான் பழக்கம். சேற்று வாடை போகச் சாம்பல் தேய்த்து, புளி கரைத்து ஊற்றுவோம். அம்மா இல்லாததால் அடுப்படியைப் பார்த்துக்கொண்ட அத்தை, அப்பாவின் அக்கா, இதற்கும் சாம்பலை அள்ளினாள்.

“இதுல சேத்து வாடையே இல்லியே அத்தை. நான் தழை அரைச்சு இலையில சுடுதேன்” என்றேன். அவளை மறுத்து நான் பேசியது அதுதான் முதல் தடவை.

“புளி ஊத்தாத மீனப் பூனைகூடத் திங்காதுட்டி. கெடுத்தியோ, இனி அடுப்படிக்கு வரப்பிடாது” என்றாள்.

மல்லித்தழை, கறிவேப்பிலை, பச்சை மிளகு எல்லாம் அரைத்துப் பூசி, வாழையிலையில் மடித்துத் தோசைக்கல்லில் போட்டேன். இலை கருகி மணந்ததும் அப்பா கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தார்.

அத்தை ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டாள். முள்ளைச் சப்பி, இலையையும் வழித்துவிட்டு, “ஏட்டி, நாளைக்கும் நீயே அடுப்பப் பத்தவை” என்றாள்.

அந்த நாளில் மீன் ரயிலில்தான் வந்ததா என்று தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். அத்தை இலையை வழித்ததை யாரிடமும் விசாரிக்க வேண்டாம். அது என் கண்ணால் கண்டது.