அம்மன் இருந்த ட்ரே

பதுளையில வயரிங் கொன்ட்ராக்ட் எடுக்குற ஒருத்தர்கிட்ட ஆறு வருஷமா வேலை பார்க்குறேன். இன்னும் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், "பாஸ் எப்ப வருவாரு?"ன்னுதான் கேட்பாங்க. ஏணியத் தோள்ல போட்டுக்கிட்டு நிக்கிறவளப் பார்த்துக் கேட்குற கேள்வியா அது? "வந்தாச்சு"ன்னு சொல்லுவேன். ஒரு நிமிஷம் என்னையும் ஏணியையும் மாறி மாறிப் பார்ப்பாங்க. அந்த ஒரு நிமிஷம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இவ்வளவு வாய் பேசுற நான் தலை குனிஞ்சு நின்னது பசறைப் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோர்ல, அதான் தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில. கொழுந்து வாட்டுற மாடியில பெரிய விசிறிகளுக்கு, வேகத்தக் கூட்டிக் குறைக்கிற புதுப் பெட்டி போட்டிருந்தாங்க. கீழ தேயிலை காயுற டிரையருக்கும் புது மீட்டர், உள்ள எவ்வளவு சூடுன்னு நம்பர்ல காட்டும். ரெண்டுக்கும் கேபிள் இழுக்குறது என் வேலை. சுவரோரமா மேலயும் கீழயும் ரெண்டு ட்ரே, ஏணியப் படுக்கப் போட்ட மாதிரி இரும்புல. கீழ இருக்கிற அகலமானது விசிறிக் கரண்டுக்கு. மேல இருக்கிற ஒடுக்கமானது மீட்டரோட சிக்னல் வயருக்கு. ரெண்டையும் சேர்த்துப் போடவே கூடாது. சிக்னல் வயர்ல வர்றது ரொம்ப மெல்லிசு. பக்கத்துல பெரிய கரண்டு ஓடினா அது கலங்கிப் போயி மீட்டர் தப்பாக் காட்டும். இத மீறினவங்கள நானே எத்தனை தடவை கிழிச்சு எடுத்திருக்கேன்!

போனா, மேல் ட்ரேயில மாரியம்மன் உட்கார்ந்திருக்கா. கண்ணாடி போட்ட படம், சூடத் தட்டு, ஊதுபத்தி குத்த ஒரு வாழைப்பழத் துண்டு. ட்ரே அடிச்சு ஒரு வாரமா சும்மா கிடந்துச்சு, டிரையர் பார்க்குற அண்ணன் அம்மனுக்கு ஆச்சுன்னு வச்சுட்டாரு.

தூக்கி அந்தப் பக்கம் வச்சா முடிஞ்சுது. ஆனா எனக்கு அன்னைக்கு ரெண்டாம் நாள். தீட்டோட அம்மன் படத்தத் தொடுறதா? அம்மா கேட்டா உயிர விட்டுருவாங்க. வேற யாரையாவது எடுக்கச் சொன்னா, "ஏன், நீ எடுக்க மாட்டியா?"ன்னு கேட்பாங்க. சுத்தி நிக்கிறதெல்லாம் ஆம்பளைங்க, என்னன்னு சொல்லுறது? இருபது அடிதானே, என்ன ஆயிரப் போகுதுன்னு சிக்னல் வயரக் கீழ் ட்ரேக்கு இறக்கி, விசிறிக் கேபிளோட சேர்த்துக் கட்டி, அம்மனத் தாண்டினதும் மறுபடி மேல ஏத்திட்டேன். ஜடை பின்னின மாதிரி இருந்துச்சு. அன்னைக்கு விசிறி ஓடல, மீட்டரும் ஒழுங்காத்தான் காட்டுச்சு. ஸ்டோருக்குப் பொறுப்பா இருக்குற டீமேக்கர் ஐயா அண்ணாந்து பார்த்து, "பொம்பளக் கை பட்டா தனி அழகுதான்"னாரு. அதுக்கும் பல்லக் காட்டிட்டு பஸ் ஏறினேன்.

சரியா ஒரு மாசம் கழிச்சு போன் வந்துச்சு, தேயிலை கருகுதாம், வந்து பாருன்னு. சோதனையப் பாருங்க, அன்னைக்கும் எனக்கு அதே ரெண்டாம் நாள்.

நான் உள்ள நுழையுறப்ப டீமேக்கர் ஐயா அண்ணனப் பிடிச்சு ஏசிக்கிட்டு இருந்தாரு. "இன்னைக்கும் கருகினா நாளைக்கு நீ மலை வேலைக்குத்தான்!" அண்ணனுக்கு முழங்கால்ல ஆபரேஷன் பண்ணியிருக்கு. லயத்து வீட்டுப் படி ஏறவே அவரு சம்சாரம் கை குடுக்கணும். அவரு எங்க மலை ஏறப் போறாரு?

"மீட்டர் பொய் சொல்லுதுங்க ஐயா. பக்கத்துல நின்னாலே சூடு தெரியுது"ன்னாரு அண்ணன்.

"சிங்கப்பூர் மீட்டர் பொய் சொல்லுது, நீ மட்டும் அரிச்சந்திரனாக்கும்!"

அந்த நேரம் பார்த்து மாடியில விசிறி போட்டாங்க. மீட்டர்ல நம்பர் சரசரன்னு இறங்குச்சு. "சூடு குறையுது, விறகப் போடு!"ன்னு ஐயா கத்துறாரு. அண்ணன் போடுறாரு. நான் அண்ணாந்து ட்ரேயப் பார்த்தேன். என் ஜடைப் பின்னல்தான் இந்த வேலையப் பார்க்குது!

மீட்டர்ல கோளாறுன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் தப்பிச்சேன். வாய் வரைக்கும் வந்துருச்சு, உங்ககிட்ட எதுக்கு மறைக்க. அதுக்குள்ள அண்ணன் அம்மன் பக்கம் திரும்பி, "நம்பர நிக்க வையி தாயே"ன்னு கையெடுத்தாரு. ஒரு மாசமா தினமும் இதே வேண்டுதலாம். எனக்கு அழுகையே வந்துருச்சு.

"ஐயா, அண்ணன் மேல தப்பில்ல. நான்தான் வயர மாத்திப் போட்டுட்டேன்"னேன்.

"தெரிஞ்சவதானே நீ? ஏன் அப்படிப் போட்ட?"

என்னத்தச் சொல்ல? தலையக் குனிஞ்சுக்கிட்டேன். ஸ்டோர் கூட்டுற அக்கா, அண்ணனோட சம்சாரம், என் மூஞ்சியப் பார்த்துட்டு டிரையருக்குப் பின்னால இழுத்துட்டுப் போனாங்க. "என்னாடி?" காதுல சொன்னேன். இன்னைக்கும் அப்படித்தான்னு அதையும் சொன்னேன். அக்கா தொடப்பத்தப் போட்டுட்டு வயித்தப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறாங்க.

"அடியே, அந்தப் படத்தத் தினமும் தொடைக்கிறது யாரு? நான். மாசம் முப்பது நாளும். அதெல்லாம் எனக்கும் அவளுக்கும் எப்பவோ பேசி முடிஞ்சிருச்சு. போயி எடு."

"அண்ணன்கிட்ட சொல்லிறாதீங்க அக்கா."

"அந்த ஆளுக்கிட்டயா? அம்மனக் குளிப்பாட்டி என்னையும் குளிப்பாட்டிருவாரு!" வெளிய வந்து டீமேக்கர்கிட்ட, "மேல எலி ஓடுதுங்க ஐயா, அதுக்குப் பயந்து புள்ள கீழ போட்டிருக்கு"ன்னு முகம் மாறாமச் சொன்னாங்க. ஐயா ட்ரேய அண்ணாந்து பார்த்துட்டு, "சனியன் எலி"ன்னாரு.

ஏணியில ஏறினேன். கண்ண மூடிக்கிட்டுத்தான் படத்த எடுத்து அக்காகிட்டக் குடுத்தேன். கட்டெல்லாம் வெட்டி, சிக்னல் வயரப் பிரிச்சு, மேல் ட்ரேயில தனியாப் போட்டு இறங்க ஒரு மணி நேரம் ஆச்சு. "இந்தா பிடி, எனக்குக் கூட்டுற வேலை கிடக்கு"ன்னு அக்கா படத்த என் கையிலயே திணிச்சுட்டாங்க. வைக்க வேற இடமும் இல்ல, ரெண்டு கையாலயும் நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

மாடியில விசிறியெல்லாம் போட்டாங்க. எல்லாரும் மீட்டரையே பார்க்குறாங்க. நம்பர் அசையல. டீமேக்கர் ஐயா தொண்டையச் செருமிட்டு, அண்ணன் பக்கம் பார்க்காம, "சரி, உன் வேலையப் பாரு"ன்னு சொல்லிட்டு ஆபீசுக்குப் போயிட்டாரு.

ஒரு மாசமா அந்த மனுஷன் திட்டு வாங்கினது என்னால. அவருகிட்ட மன்னிப்புக் கேட்க வாயத் திறந்தேன். அதுக்குள்ள அவரு நொண்டிக்கிட்டே வந்து, சூடத்தக் கொளுத்தி, என் கையில இருந்த படத்துக்கு முன்னால காட்டி, "தாயே, காப்பாத்திட்ட"ன்னு கண்ணு கலங்கக் கும்பிட்டாரு.

நான் படத்த இன்னும் கொஞ்சம் உசத்திப் பிடிச்சேன்.