ஒரு கரண்டி வஜ்ரம் காய்ச்ச

வயலின் ரிப்பேர்காரனுக்கு மரத்தோடு போகும் நேரத்தைவிட, ஒரு கரண்டி பசையைச் சூடாக்குவதில் போகும் நேரம் அதிகம். மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுத்த வஜ்ரம்தான் அந்தப் பசை. ஊறவைத்து, கை பொறுக்காத சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். கொதித்தால் பிடிப்பு போய்விடும். ஆறினால் அல்வா மாதிரி உறைந்துவிடும். அதற்கென்றே விற்கும் மின்சாரப் பானை தொண்ணூறுகளில் எனக்குக் கட்டுப்படியாகாத விலை. பசையோடு மல்லுக்கட்டியவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

பம்ப் ஸ்டவ்

மயிலாப்பூரில் ஒரு மாடியறைதான் என் பட்டறை. ஸ்டவ்வில் தண்ணீர் வைத்து, அதற்குள் வஜ்ர டப்பாவை இறக்கிவிட்டு, போன் வந்ததென்று கீழே போனேன். பேச்சு நீண்டது. தண்ணீர் வற்றி, வஜ்ரம் தீய்ந்து, நாற்றம் தெருமுனை வரைக்கும் போய்விட்டது. வீட்டுக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறி வந்தார்.

“ஏதாவது செத்துக் கெடக்கறதா? சொல்லிடுப்பா, கார்ப்பரேஷனுக்கு போன் பண்ணிடறேன்.”

அன்றோடு ஸ்டவ்வுக்குத் தடை.

கொசு மெஷின்

கிண்டி எஸ்டேட்டில் எலக்ட்ரீஷியனாக இருந்த நண்பன் செல்வத்திடம் யோசனை கேட்கப் போனேன். அதற்குள் நானே ஒன்று செய்து பார்த்திருந்தேன். கொசு மேட் செருகும் மெஷினின் தகட்டில், மேட்டுக்குப் பதிலாகச் சின்ன மூடியில் வஜ்ரம். அது கருகியது. மூடியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தால், தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிட்டது. செல்வம் முழுக்கக் கேட்டான்.

“கொசுவ சாவடிக்கவே அது தெணறிக்கினு கீது, நீ மாட்ட வேற தூக்கி அது மேல வச்சியா மச்சி?”

பார்லர்

தி.நகரில் என் மனைவியின் தோழி மல்லிகா பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். மனைவியை அழைத்துவரப் போனபோது, மூலையில் ஒரு சின்ன மின்சாரச் சட்டியில், கை கால் முடி எடுக்கும் வாக்ஸ் உருகிக்கொண்டிருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். எனக்கு வேண்டிய அதே சூடு!

மறுநாள் மதியம், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, மல்லிகாவின் அனுமதியோடு அந்தச் சட்டியில் தண்ணீர் ஊற்றி என் டப்பாவை வைத்தேன். வஜ்ரம் தேன் நிறத்தில் இளகி, மணிக்கணக்காக அப்படியே நின்றது. சந்தோஷத்தில் வெளியே டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால், ஒரு அம்மாள் கையை நீட்டியபடி என் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மல்லிகா ஓடிவந்து, யாரும் அதைத் தொடவிடாமல் மறித்திருந்தாள்.

“இது ஹெர்பல் வாக்ஸ்தானே? விலை ஜாஸ்தின்னா பரவாயில்ல, எனக்கு அதையே போடும்மா.”

மல்லிகா மூடி உடைந்த பழைய சட்டி ஒன்றை அன்றே என் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

பிளாஸ்க்

கச்சேரிகளில் வாசிக்கும் ராஜம் மாமி வயலினோடு பட்டறைக்கு வந்திருந்தார்; வெயிலில் அதன் விளிம்பில் ஒட்டு விட்டுப்போயிருந்தது. மறுநாள் கச்சேரி. உடனே ஒட்டி இறுக்கிக் கட்டினால்தான் காலைக்குள் காயும். சட்டியைப் போட்டேன், கரண்ட் போய்விட்டது. மாமி பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து நீட்டினார். தொண்டைக்காக அவர் கொண்டுவந்த வெந்நீர். டம்ளரில் ஊற்றி, வஜ்ரக் குப்பியை உள்ளே நிறுத்தினேன். இளகத் தொடங்கியது.

“இது என்னத்துல பண்றா?” என்றார், எட்டிப் பார்த்துக்கொண்டே.

பொய் சொல்ல வாய் வரவில்லை. “மாட்டுத்தோல், மாமி.”

மாமி வயலினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்றே நினைத்தேன்.

“நாள் பூரா மிருதங்கத்துக்குப் பக்கத்துல உக்காந்துண்டு வாசிக்கறேன், அத என்ன வாழைப்பட்டையிலயா பண்ணியிருக்கா? ஒட்டுப்பா, வெந்நீர் ஆறிடப்போறது.”

ஒட்டு நின்றது, கச்சேரியும் நடந்தது. ஆகக்கூடி, நான் உருப்படியாகக் காய்ச்சிய வஜ்ரமெல்லாம் யாரோ வேறு எதற்கோ வைத்திருந்த சூட்டில் இளகியதுதான்.