வாகைத் தோப்புக்கு எண் போட்டோம்

நேற்று எதிர்வீட்டில் வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றினார்கள். அந்தச் சூடான ஈர வாசம் ஜன்னலுக்குள் ஏறியதும் நினைவில், சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த ஒத்தக்கடைக்குப் போய்விட்டேன். எங்கள் காலனிக்குப் பின்னால் இருந்த வாகைத் தோப்பில்தான், காய்ந்த நெற்றுகள் காற்றில் சலசலக்க, சருகில் கணுக்கால் வரை புதைய, பள்ளி விட்டதும் பிள்ளைகள் எல்லோரும் கிடப்போம்.

குடியிருப்போர் சங்கத்துக்கு அப்பாதான் செயலாளர். தோப்பில் பாம்பு வருகிறது, சங்கிலி பறிக்கிறவன் ஒளிகிறான் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேச்சு. ஒரு சனிக்கிழமை அப்பா எங்களிடம் சுண்ணாம்பு வாளியையும் நுனி நசுக்கிய பனைமட்டைகளையும் தந்து, மரங்களுக்கு எண் போடச் சொன்னார்.

"எதுக்குப்பா?" என்றேன்.

"நம்பர் போட்டா அது சங்கத்து மரம் ஆத்தா. ஒரு பய தொட மாட்டான். ஒண்ணு விடாமப் போடுங்க."

விரலிடுக்கு எரிய எரிய, புதருக்குள் ஊர்ந்து போய், என் கை பருமன்கூட இல்லாத கன்றுகளையும் தேடிப் பிடித்துச் சின்னதாக எண் எழுதினோம். நான் ஏறி உட்காரும் மரத்துக்கு ஒன்று என்று நானே போட்டேன்.

திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்தபோது ரம்பச் சத்தம். அப்பா தாளைப் பார்த்து எண்ணை வாசிக்க, ஆட்கள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். என் மரம் ஏற்கெனவே விழுந்து கிடந்தது.

"உங்க பாதுகாப்புக்குத்தேன் ஆத்தா," என்றார், தாளிலிருந்து தலை தூக்காமல்.

இருட்டுவதற்குள் தோப்பு முடிந்தது. ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. அவ்வளவு ஒழுங்காக எண் போட்டிருந்தோம்.