பொட்டு வைத்த புரொப்பெல்லர்

போன வசந்தகாலம், டொரன்டோவில் பனி கரைந்து முடிந்திருந்த நேரம். நானும் கணவரும் ஐரோப்பா போய்விட்டு வந்திருந்தோம். சுற்றிப் பார்த்துவிட்டு வந்தோம் என்று எழுத மனம் வரவில்லை.

எங்களிடம் ஒரு பழைய பாய்மரப் படகு இருக்கிறது. குளிர்காலம் முழுவதும் ஏரிக்கரையில் கட்டைகளின் மேல் நிற்கும். வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை, படகு கிளப் கிரேன் பிடித்து எல்லாப் படகுகளையும் தண்ணீரில் இறக்கும். அன்று தவறினால் அந்தக் கோடை போய்விடும். கணவரின் இதய சத்திரசிகிச்சையால் முந்தின வருடம் எங்கள் படகு இறங்கவில்லை. இந்த முறையும் இறங்காவிட்டால் கிளப்பில் எங்கள் இடம் வேறொருவருக்கு. மறுபடி பாய் விரிக்க வேண்டும் என்ற நினைப்பில்தான் அவர் ஆஸ்பத்திரி நாட்களைக் கடத்தினார். அதனால் ஐரோப்பாவிலும் அவர் படகையே நினைத்துத் திரிந்தபோது என்னால் திட்ட முடியவில்லை.

ஆம்ஸ்டர்டாமில் மியூசியத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். வழியில் அவர் ஒரு படகுச் சாமான் கடைக்குள் நுழைந்தார். மியூசியம் பூட்டும் வரை வெளியே வரவில்லை. ஹம்பேர்க்கில், எங்கள் எஞ்சினுக்குப் பொருந்தும் வெண்கல புரொப்பெல்லர் கிடைத்தது. டொரன்டோவில் எங்கும் கிடைக்காதது. பழையது உடைந்திருந்தது, இது இல்லாமல் படகை இறக்க முடியாது. மூன்று இதழ், நல்ல கனம். பாரிஸில் நான் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தேன். அவர் ஆற்றில் கட்டியிருந்த படகுகளைப் பார்த்தார்.

"இஞ்சை பாரும், உந்த முடிச்சுப் போட்டவனுக்கு ஒண்டும் தெரியாது."

"உதைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?"

"கோபுரம் ஓடிப் போகாது."

பாரிஸில் அவருடைய மச்சாள் வீட்டில் தங்கினோம். புறப்படும்போது மச்சாள் ஒரு பார்சலை நீட்டினார். டொரன்டோவில், மில்லிக்கனில் இருக்கும் தன் சினேகிதிக்கு. சினேகிதியின் மகள் மார்க்கம் நகரில் வீடு வாங்கியிருக்கிறாள், புதுவீட்டுக் குடிபூரலுக்குக் குத்துவிளக்கு. மறுக்க முடியுமா? பெட்டியில் இடம் வேண்டுமே, என் சப்பாத்துகளை எடுத்து வெளியே வைத்தேன். கணவரும் புரொப்பெல்லரைச் சுற்ற மச்சாளிடம் பை கேட்டார். இரண்டு பார்சலுக்கும் அதே கடைப் பை, அதே ஒட்டும் ரேப். அடுத்தவர் பார்சலைப் பிரிப்பது எங்கள் ஆட்களிடம் பெரிய குற்றம். திரும்பிய மறுநாள் ஒன்றை மில்லிக்கனில் கொடுத்தோம். மற்றது காரின் டிக்கியில் கிடந்தது.

சனிக்கிழமை, கிரேன் பக்கத்துப் படகைத் தூக்கிக்கொண்டிருந்தது. கணவர் பையைப் பிரித்தார். உள்ளே குத்துவிளக்கு.

மச்சாளின் சினேகிதியான மில்லிக்கன் அன்ரிக்கு அவர் போன் செய்தார். பின்னால் மேளம் கேட்டது, குடிபூரலும் அன்றைக்கே.

"ஓம் தம்பி, பிரிச்சனாங்கள். நல்ல வடிவு. பரிஸ் சாமானெண்டா மொடேனாத்தானே இருக்கும். திரி எங்கை வைக்கிறதெண்டுதான் ஐயருக்கும் விளங்கேல்லை."

கிரேன்காரரிடம் எங்கள் படகைக் கடைசியாக வைக்கும்படி கெஞ்சிவிட்டு மார்க்கத்துக்கு ஓடினோம். நெடுஞ்சாலையில் வழமையான நெரிசல். அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். திட்டுவதற்கு நான் சேர்த்து வைத்திருந்த அத்தனையையும் விட்டுவிட்டு, தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன்.

வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. கூடத்தில், நிறைகுடத்துக்குப் பக்கத்தில் வாழையிலையில் எங்கள் புரொப்பெல்லர். ஒவ்வொரு இதழிலும் சந்தனம், குங்குமம், ஒரு செவ்வந்திப் பூ. நான் விளக்கை நீட்டினேன். கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அன்ரி சிரிக்கவில்லை.

"என்ரை சினேகிதி அனுப்பினது. என்னவாயிருந்தால் என்ன, வைக்கத்தானே வேணும்" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "சாப்பிடாமல் போகேலாது."

"அன்ரி, கிரேன் நிக்குது."

"அப்ப கட்டித் தாறன்."

ஏரிக்கரையில் எங்கள் படகு மட்டும் நின்றது. கிரேன்காரர் கையைக் கட்டியபடி காத்திருந்தார். கணவர் புரொப்பெல்லரைப் பூட்டும்வரை, அன்ரி கட்டித் தந்த வடையைக் கிரேன்காரரிடம் கொடுத்தேன். பொட்டைத் துடைக்க நேரமில்லை. படகு அப்படியே தண்ணீரில் இறங்கியது. கணவர் கயிற்றைப் பிடித்து அதைக் கரையோரம் கட்டினார்.

பயணம் போகும்போது யாராவது பார்சல் நீட்டினால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது. ஆனால் சினேகிதி அனுப்பியது என்பதற்காகவே, இன்னதென்று தெரியாத ஒன்றுக்குப் பூ வைத்த அந்தக் கூடம் நினைவுக்கு வரும், கை தானாக நீண்டுவிடும்.