ப்ளேன்டீ மட்டும்: இரத்தோட்டை மலையில் ஓர் அன்பியக் கூட்டம்

இந்தப் பயணத்துக்குக் காரணம் எங்கள் வத்தளைப் பங்குக்குப் புதிதாக வந்திருக்கும் ஃபாதர். வயதில் என் மருமகனைவிடச் சின்னவர். வந்த மூன்றாவது ஞாயிறே பிரசங்கத்தில் ஒரு போடு போட்டார். கோயிலில் வரிசையாக உட்கார்ந்து முன்னால் இருப்பவரின் பிடரியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவது போதாதாம். பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து வாரம் ஒரு வீட்டில் கூட வேண்டும், வேதம் வாசிக்க வேண்டும், ஒருவர் படும் பாட்டை மற்றவர் கேட்க வேண்டும். அதற்குப் பெயர் அன்பியம். "முதல் கூட்டத்துக்கு யார் வீடு தருவீர்கள்?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் என் கை மேலே போய்விட்டது.

போகாமல் என்ன செய்யும்? மனைவி இறந்து நான்கு வருடம். மகள் மெல்பனில். மூன்று அறை வீட்டில் சத்தம் போடுவது நானும் ஃபிரிஜ்ஜும்தான். மனைவி போன புதிதில் மூன்று மாதம் நான் பூசைக்கே போகவில்லை. யாரும் கவனிக்கவில்லை. என் வழக்கமான இடத்தில் வந்து உட்கார்ந்தவர் கவனித்திருப்பார். அவருக்குப் புகார் சொல்லக் காரணமில்லை.

முதல் கூட்டத்துக்கு ரோல்ஸ், பட்டிஸ், கட்லட், முடிவில் இனிப்புக்கு வட்டிலப்பம் என்று அமர்க்களப்படுத்தினேன். ஒன்பது பேர் வந்து நன்றாகச் சாப்பிட்டார்கள். "அடுத்த வாரம் யார் வீட்டில்?" என்று கேட்டதும் ஒன்பது பேரும் என் கூரையை ஆராய்ந்தார்கள். சரி, மறுபடியும் என் வீடே என்றேன். நான்கு பேர் வந்தார்கள். மூன்றாவது கூட்டத்தில் நானும் வட்டிலப்பமும் மட்டும் கலந்துகொண்டோம். ஃபாதர் ஆறுதலாக, "இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இது அழகாக நடக்கிறது. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார். போன சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

என்னைப் போல் போக நினைப்பவர்களுக்காக வழி விவரம். காலை 6.15க்கு வீட்டை விட்டு இறங்கி, கடவத்தையில் கண்டி பஸ் பிடித்தேன். கண்டியில் இறங்கும்போது பத்து மணி. அங்கிருந்து மாத்தளை 26 கிலோமீட்டர்தான், ஆனால் அக்குறணை நெரிசல் அந்தக் கணக்கை மதிப்பதில்லை. ஒன்றரை மணி நேரம் ஆனது, டிக்கட் 130 ரூபாய். பக்கத்து சீட்டு அம்மா கண்டியிலிருந்து மாத்தளை வரை தன் சம்பந்தியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். எனக்கு அந்தச் சம்பந்தியைப் பிடித்துவிட்டது, ஆனால் சொல்லவில்லை. மாத்தளையில் சாப்பிட்டு, இரண்டரை மணி இரத்தோட்டை பஸ்ஸில் ஏறினேன். முக்கால் மணி நேரம், 70 ரூபாய். ஏறுமுன் ஒரு காரியம் செய்தேன். ஒரு பேக்கரியில் ஒரு கிலோ பட்டர் கேக் வாங்கினேன், மேலே ஐசிங் ரோஜா வைத்தது. வெறுங்கையோடு போக மனம் வரவில்லை.

இரத்தோட்டை டவுனிலிருந்து தோட்டம் ஆறு கிலோமீட்டர் ஏற்றம். த்ரீவீலுக்கு 900 ரூபாய். ஓட்டியவர் ரிஸ்வி நானா. என் மடியில் இருந்த பெட்டியைக் கண்ணாடியில் பார்த்தார்.

"பர்த்டேயா சேர்?"

"இல்லை நானா, அன்பியக் கூட்டத்துக்கு."

"ஆ, இன்டைக்கு பிலோமினா அக்காட வீட்டுலதானே. ஆனா அங்க ப்ளேன்டீ மட்டுந்தான் சேர். கேக்கெல்லாம் எடுக்க மாட்டாங்க."

"அதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது."

"ம்ம். நான் சொல்றத சொல்லிட்டேன். பொறகு நானா சொல்லல்லன்டு சொல்லப்படாது." எங்கள் பங்கின் கூட்ட நேரம் எங்கள் பங்கில் இருப்பவர்களுக்கே தெரியாது. இங்கே ஒரு முஸ்லிம் த்ரீவீல்காரருக்கு எந்த வாரம் எந்த வீடு, என்ன பானம் என்பது வரை தெரிந்திருக்கிறது.

பிலோமினா தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். ஐம்பது வயது இருக்கும். குரலைக் கேட்டால் குழந்தைகள் ஏன் அழாமல் இருக்கிறார்கள் என்று புரியும். தொழிலாளர்களின் ஓரறை வரிசை வீடுகளான லயத்தில் அவர் வீடு நடுவில். பக்கத்துக் காம்பராவில் இருக்கும் ராஜேஸ்வரி, மாரியம்மன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, இரண்டு கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். "டீவி சத்தத்தக் கொறச்சிட்டேன் பிலோமி. ஆறரைக்கெல்லாம் முடிச்சிருங்க, இன்னைக்கு மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்ட இருக்கு."

எனக்கு முதலில் சொல்லப்பட்ட செய்தி அன்றைய கூட்டத்தைப் பற்றியதல்ல. "அடுத்த சனிக்கிழம ஜெசிந்தா வீடு!" என்றார் பிலோமினா. "ரெண்டு வருஷமா எல்லார் வீட்டுக்கும் வர்றா. தன் வீட்டுக்கு வாங்கன்னு இப்பதான் வாயத் தொறந்திருக்கா. சொவத்துக்கு வெள்ளகூட அடிச்சிட்டா." கதவோரம் நின்ற ஜெசிந்தா தரையைப் பார்த்துச் சிரித்தார். நாற்பத்தைந்து வயது, மெலிந்த உடம்பு. கடைசி லயத்தில், கடைசிக் காம்பராவில், தனியாக இருக்கிறார்.

ஐந்து மணிக்குக் கூட்டம் தொடங்கியது. பதின்மூன்று பேர், பாதிப் பேர் பாயில். நற்செய்தி வாசித்தார்கள், அந்த வாரம் நடந்ததை ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அங்கே பேசுவதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. ஊர்க்கதை விற்றுப் பிழைக்கும் என்னைப் போன்ற பதிவருக்கு இது எவ்வளவு பெரிய உபவாசம் என்று உங்களுக்குத் தெரியும். ஒன்று மட்டும் சொல்லலாம், அது கூட்டத்துக்கு வெளியே நடந்தது. "சூசையண்ணே ஏன் வரல?" என்று யாரோ கேட்டார்கள். உடனே இரண்டு பேர் எழுந்து போய்ப் பார்த்து வந்தார்கள். முழங்கால் வலியாம். ஒரு வாரம் வராதவரைத் தேடி இரண்டு பேர் போகிறார்கள். நான் என் மூன்று மாதத்தை நினைத்துக்கொண்டு வேதப் புத்தகத்தில் பக்கம் தேடுவது போல் குனிந்துகொண்டேன்.

பத்து வருடத்துக்கு முன்பு இங்கே ஃபாதர் மாதம் ஒருமுறை வந்து பூசை வைப்பாராம், கிழவிகள் நான்கு பேர் இருப்பார்களாம். இப்போதும் ஃபாதர் மாதம் ஒருமுறைதான் வருகிறார். ஆனால் அவர் வராத ஞாயிறுகளிலும் சிற்றாலயம் நிரம்புகிறதாம். வீட்டுக்கு வீடு போய் உட்கார்ந்தவர்கள், கோயிலிலும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரப் பழகிவிட்டார்கள்.

செபம் முடிந்து டீ வந்தது. பாலில்லாத டீ, சீனி உள்ளங்கையில். அப்போதுதான் நான் கேக்கை எடுத்தேன்.

பிலோமினாவின் முகம் மாறியது. "நாளைக்கு மடுவத்துப் பிள்ளைங்களுக்குக் குடுத்துடுறேண்ணே" என்று பெட்டியை மூடப் பார்த்தார். நான் விடுவேனா? "சேச்சே, இப்பவே வெட்டுங்க, எல்லாரும் சாப்பிடணும்" என்றேன். தட்டு போதவில்லை, ராஜேஸ்வரி வீட்டிலிருந்து வந்தது. யார் வெட்டுவது என்று தயங்கியபோது ஜெசிந்தா எழுந்தார். கத்தியைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்து, ரோஜா கலையாமல், அளந்தது போல் துண்டு போட்டார்.

"ஆகா! எங்கே பழகினீங்க?" என்றேன் நான், மேதாவி.

"கொழும்புலங்க ஐயா. பன்னெண்டு வருஷம் ஒரு வீட்டுல வேல செஞ்சேன்."

ஒவ்வொருவருக்கும் தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். அதற்குப் பிறகு அவர் உட்காரவேயில்லை. அடுப்படி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு, யாருக்காவது ஏதாவது வேண்டுமா என்று பார்த்துக்கொண்டே நின்றார். கேக் சாப்பிடவுமில்லை. "அப்ப அடுத்த வாரம் நம்ம ஜெசிந்தா வீட்டுல" என்று பிலோமினா சொன்னபோது, மெதுவாக, "நம்ம வீட்டுல வேணாங்க்கா. எடம் பத்தாது" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் மருமகளை ஏசுவது தெளிவாகக் கேட்டது.

இதையும் இனி வருவதையும் பெயர்களை மாற்றி எழுத பிலோமினா அனுமதி தந்திருக்கிறார், என்னை ஒருமுறை திட்டிய பிறகு.

"ஏண்ணே, ப்ளேன்டீ மட்டும்னு நாங்க கஞ்சத்தனத்துலயா வச்சோம்?" என்று தொடங்கினார். "மொத மொத கூட்டத்துக்கு நான் வட சுட்டேன். அடுத்த வீட்டுல கேசரி. அதுக்கடுத்த வீட்டுல டவுன்லருந்து ரோல்ஸ். நாலாவது வீட்டுக்காரங்க கடன வாங்கிக் கோழி அடிச்சாங்க. அஞ்சாவது வீட்டுக்காரிக்குக் காய்ச்ச வந்துருச்சு. வராம என்ன செய்யும்? ஆறு மாசம் கூட்டமே இல்ல. அப்புறந்தான் முடிவு பண்ணோம், எந்த வீட்டுலயும் இருக்குறத மட்டும் குடுக்கணும்னு. அந்தப் புள்ள அதுக்கே ரெண்டு வருஷம் யோசிச்சா. நீங்க அவள ஒரே நாள்ல மறுபடி வேலக்காரியாக்கிட்டு வந்து நிக்கிறீங்க."

எனக்கு என் வட்டிலப்பம் நினைவுக்கு வந்தது. ஒன்பது பேர் ஏன் கூரையைப் பார்த்தார்கள் என்பதும்.

அன்றிரவு சிற்றாலயத்தை ஒட்டிய அறையில் படுக்கை. ஞாயிறு வழிபாடு முடிந்ததும் பிலோமினா என்னைக் கடைசி லயம் வரை கூட்டிப்போய், "கெடுத்தது நீங்க. போய்ப் பேசுங்க" என்று திரும்பி நடந்துவிட்டார்.

ஜெசிந்தா வீட்டில் ஒரே கதிரை. என்னை உட்காரச் சொல்லிவிட்டு நின்றார். நீங்க உட்காருங்க என்று நானும் நின்றேன். இரண்டு பேரும் நின்றோம். கதிரை மட்டும் வசதியாக இருந்தது. கடைசியில் நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, உள்ளே ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார்.

"ஒரு டீ கிடைக்குமா?"

"பால் இல்லீங்க ஐயா."

"பால் கேட்டேனா?"

டீ வந்தது. உள்ளங்கைச் சீனியை நக்கத் தெரியாமல் சட்டையெல்லாம் கொட்டிக்கொண்டேன். "ஐயாவுக்கு இது தெரியாதா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு தானாகவே சொன்னார்: "எத்தனையோ தடவ விருந்தாளிங்களுக்குக் கதவு தொறந்து விட்டிருக்கேன். எல்லாம் அந்த வீட்டு விருந்தாளிங்க. எனக்குன்னு யாரும் வந்ததில்ல."

"நான் வந்திருக்கேனே. சனிக்கிழமை அவங்களும் வரட்டும்."

"பாப்போம்ங்க ஐயா."

நம் பக்கம் 'பாப்போம்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும். பகல் பஸ்ஸைப் பிடித்து, இரவு எட்டுக்கு வத்தளை வந்து சேர்ந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: காலை ஆறரைக்கு முன் கிளம்புங்கள். சனிக்கிழமை கூட்டம் முடிந்தால் கீழே இறங்க பஸ் இல்லை, தங்குவதற்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மழை இல்லாவிட்டாலும் குடை, இருட்டினால் ஸ்வெட்டர். அட்டைப் பூச்சிக்குக் காலில் சவர்க்காரம் தேய்த்தால் போதும். படம் எடுக்காதீர்கள். தின்பண்டம் எதுவும் வேண்டாம், த்ரீவீல்காரர் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் பங்கில் கூட்டம் தொடங்கினால், உங்கள் வீட்டின் பெருமையை அலமாரியில் பூட்டி வையுங்கள். அந்த ஒன்பது பேரில் ஒருவரான, எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடி ஆசீர்வாதத்திடம், "உங்கள் வீட்டில் ஒரு ப்ளேன்டீ, அவ்வளவுதான்" என்று கேட்டிருக்கிறேன். யோசிக்கிறேன் என்றார். கூரையைப் பார்க்காமல் சொன்னார்.

இந்தப் பதிவைப் புதன்கிழமையே எழுதி முடித்துவிட்டேன். போட மனமில்லை. சனிக்கிழமை ஐந்து மணியிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறே முக்காலுக்கு பிலோமினாவின் நம்பர். எடுத்தால் வேறு குரல், பின்னால் ஒரே இரைச்சல்.

"அண்ணே, ஜெசிந்தா பேசுறேன். நல்ல வேள நீங்க வரல, ஒங்களுக்கு எடமே இருந்திருக்காது! உள்ள பதினாலு பேரு, வாசல்ல வேற ஒக்காந்திருக்காங்க. ராஜேஸ்வரிகூட சீரியல விட்டுட்டு வந்துட்டா."

"நீங்க உட்கார்ந்திருக்கீங்களா?"

"ஒக்காந்துதாண்ணே பேசுறேன். டீய யாரு ஊத்துறாங்கன்னே தெரியல. சரிண்ணே, ஆளுங்க வந்திருக்காங்க, வச்சிடுறேன்."

வைத்துவிட்டார். வீட்டுக்கு ஆள் வந்திருந்தால் யாரும் அப்படித்தான் வைப்பார்கள். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.