பேய் தேடும் மெம்பர்

"உங்கட தோட்டத்துல பேய் ஈக்குதா?"

பலாங்கொடையில் புடவைக்கடை வைத்திருக்கும் முக்தார் ஹாஜியார், சேலை எடுக்க வரும் தேயிலைத் தோட்டத்துப் பெண்களிடம் விலை சொல்வதற்கு முன் இதைத்தான் கேட்பார். பேய் இல்லை என்றால் பேசாமல் துணியை அளப்பார். இருக்கிறது என்றால் வியாபாரம் அத்தோடு போயிற்று. எந்த லயம், அந்த வரிசை வீடுகளில் எத்தனையாவது காம்பரா, அழுகிற பேயா சிரிக்கிற பேயா, ராத்திரியில் வருமா பகலில் வருமா என்று துருவித் துருவி விசாரிப்பார். பகல் பேய் என்று தெரிந்தால் முகம் மலர்ந்துவிடும். முழக்கோலைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண்ணுக்குத் தேத்தண்ணீர் வரவழைப்பார்.

கடையில் இல்லாத நாட்களில் அவர் அரசாங்க சபை அங்கத்தவர். கொழும்புக்குப் போகும்போதும் அதே வெள்ளைச் சாரம், அதே கசங்கிய கோட்டு, அதே துருக்கித் தொப்பி. சபையில் இரண்டு வருஷமாக ஒரே விஷயத்தைத்தான் பேசி வருகிறார். வேலை செய்ய முடியாத அங்கவீனர்களுக்கு மாதாமாதம் உதவிப் பணம் வேண்டும், வீடு தேடிப் போய்ப் பார்க்கத் தாதிமார் வேண்டும், தோட்டத்து ஆட்களையும் அதில் சேர்க்க வேண்டும். தோட்ட முதலாளிமார் தரப்பின் பதிலும் இரண்டு வருஷமாக ஒன்றுதான்: தோட்டங்களில் அங்கவீனர் கிடையாது, அப்படிப்பட்டவர்களை இந்தியாவில், கப்பலேற்றும் மண்டபம் முகாமிலேயே நிறுத்திவிடுகிறோம். இங்கேயே பிறந்தவர்கள் எங்கே, இங்கே விழுந்து இடுப்பொடிந்தவர்கள் எங்கே என்று ஹாஜியார் கேட்டார். ஒருவரைக் காட்டுங்கள் பார்க்கலாம் என்றார்கள்.

அன்று தொடங்கியது பேய் வேட்டை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு கலைந்து எல்லோரும் மலையேறிய பிறகு லயத்தில் யாரும் இருக்கக் கூடாது. அந்த நேரத்தில் ஒரு காம்பராவுக்குள் சத்தம் கேட்டால், கேட்டவர்கள் அதைப் பேய் என்கிறார்கள். "பேய்க்கு எவனாவது வெளியால கொண்டி போடுவானா? கொண்டி போடுறது மனிசனுக்குத்தான்" என்பார் ஹாஜியார். கலவானப் பக்கத்தில் பேய் என்று சொன்னது கண் தெரியாத ஒரு பெண். கேகாலைப் பக்கத்தில் அது இடுப்புக்குக் கீழே அசைவில்லாத ஒரு ரப்பர் பால்வெட்டுக்காரர். இருவரைப் பற்றியும் ஹாஜியார் சபைக்குச் சொன்னார். விசாரிக்க ஆள் போனபோது இரண்டு காம்பராக்களும் வெள்ளையடித்துக் காலியாகக் கிடந்தன. குடும்பங்கள் ஊருக்குப் போய்விட்டன என்றார்களாம். சபை சிரித்தது. பேய் மெம்பர் என்ற பட்டம் அப்போது கிடைத்ததுதான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தோட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். இங்கே வரும் ஊர், பெயர், பட்டம் எல்லாம் நான் மாற்றியவை. காரணம் போகப் போகத் தெரியும். இந்தத் தடவை தோட்டத்துத் துரையே அனுமதி கொடுத்திருந்தார். ஒரே நிபந்தனை, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு நாகலிங்கம் கூட வந்து கண்ணால் பார்க்க வேண்டும். தோட்டத்து உத்தியோகத்தரே பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் அப்புறம் சபையில் யார் சிரிப்பது? கண்டாக்கு தேயிலை ஸ்டோருக்குப் போய்விட்டு வருவதாகச் சொன்னார். ஹாஜியாருக்கு அதுவரை பொறுக்கவில்லை. நாங்கள் முன்னால் நடந்தோம்.

ஆளில்லாத லயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மூடுபனி அப்போதுதான் கூரைத் தகரத்தை விட்டு விலகிக்கொண்டிருந்தது. கொடியில் ஈரச் சேலைகள் அசையாமல் தொங்கின. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. கடைசிக் காம்பராவுக்குப் பயந்து, பக்கத்துக் காம்பராவில் இருந்தவர்கள் எப்போதோ வேறு லயத்துக்குப் போய்விட்டார்கள்.

வெளியே கொண்டி போட்டிருந்த கடைசிக் கதவை ஹாஜியார் மெல்லத் தட்டினார். உள்ளே யாரோ மூச்சை அடக்கிக்கொண்டது தெரிந்தது. மறுபடி தட்டினார். கதவுக்கும் தரைக்கும் நடுவிலிருந்த இடுக்கில் ஒரு விரல் வெளியே வந்தது. வெயிலே காணாத வெளுத்த விரல். நகம் நீண்டு வளைந்திருந்தது. பின்னாலேயே இன்னும் இரண்டு வந்தன. அவை சிமெந்துத் தரையைத் தடவித் தடவி ஹாஜியாரின் சப்பாத்தைத் தொட்டன. பயந்தேன், அதில் மறைக்க ஒன்றுமில்லை.

ஹாஜியார் அப்படியே குந்தி, அந்த விரல்களைத் தம் உள்ளங்கைக்குள் பிடித்துக்கொண்டார். உள்ளேயிருந்து சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் எழுந்தது.

"தொட்டுப் பாருங்க, சூடா ஈக்குது" என்றார் என்னிடம். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

அந்நேரம் மலையிலிருந்து கூடையோடு ஒருத்தி விழுந்தடித்து ஓடிவந்தாள். அந்தக் காம்பராவுக்குச் சொந்தக்காரி, கொழுந்து பறிக்கும் சுப்பம்மா. தன் கதவடியில் ஹாஜியாரின் வெள்ளைச் சாரம் தெரிவதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். உள்ளே இருப்பது அவள் மகன் முத்துவீரன். பிறவியிலேயே கைகால் வளைந்தவன், பேச்சும் இல்லை, இப்போது வாலிபன். லயத்தில் பேய்க் கதையைக் கட்டிவிட்டவளே அவள்தான். ஹாஜியார் உதவிப் பணத்தைப் பற்றியும் தாதியைப் பற்றியும் ஆசையாகச் சொல்லத் தொடங்கினார். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"நீங்க கண்டுபுடிச்ச பேயெல்லாம் இப்ப எங்க இருக்குன்னு தெரியுங்களா? பத்துச்சீட்டக் குடுத்து, வேலைய நிறுத்தி, குடும்பத்தோட கப்பலேத்திட்டாங்க. கண்டாக்கையா பாத்தா நாளைக்கு எங்களுக்கும் அதாங்க. அக்கரையில எங்களுக்கு யாரு இருக்கா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எம்மகன் பேயாவே இருந்துட்டுப் போகட்டுங்க" என்றாள்.

வெள்ளையடித்த இரண்டு காம்பராக்களும் ஹாஜியாரின் கண்முன் வந்திருக்க வேண்டும். கையை விலக்கப் பார்த்தார். உள்ளே இருந்தவன் விடவில்லை. பற்றியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இடுக்கு வழியாக உள்ளே தள்ளினார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

பாதைத் திருப்பத்தில் கண்டாக்கின் தொப்பி தெரிந்தது. சுப்பம்மா தேயிலைக்குள் மறைந்தாள். கண்டாக்கு நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வந்திருந்தார். எங்களிடமிருந்து கொஞ்சம் தள்ளியே நின்றார்.

"மெம்பர் ஐயா, உள்ள ஆளு இருக்குதுங்களா? தொறந்து பாத்துருவமா?"

கண்டாக்கு தயங்கித் தயங்கிக் கிட்டே வந்து கொண்டியில் கை வைத்தார். உள்ளே பலகையை நகத்தால் பிறாண்டும் சத்தம் கேட்டது. கண்டாக்கின் கை அப்படியே நின்றது. அவர் ஹாஜியாரின் முகத்தைப் பார்த்தார்.

ஹாஜியார் ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சாரத்தைத் தூக்கிக்கொண்டு, ஓ என்று அலறியபடி ஓடத் தொடங்கினார். கண்டாக்கு கொண்டியை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே ஓடினார். ஸ்டோர் வாசலில் கண்டாக்கு மூச்சு வாங்க நின்றுவிட்ட பிறகும், மலையில் நின்ற பெண்களெல்லாம் பார்த்துச் சிரிக்கச் சிரிக்க, ஹாஜியார் ஓடிக்கொண்டிருந்தார்.