ஜெயந்தினி வாங்கிய மணித்தியாலங்கள்

எங்கள் வேதக்கோயில் ஓகனை வாசிக்கிறவருக்கு முதலில் நல்ல முழங்கால் வேண்டும். அமெரிக்க மிசன் காலத்தில் கப்பலில் வந்த கால்மிதி ஓகன் அது. கீழே இருக்கும் இரண்டு மிதிகளையும் மாறி மாறி மிதித்தால்தான் உள்ளே காற்று நிரம்பும். மானிப்பாய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சங்கீதம் படிப்பிக்கும் ஜெயந்தினி, பதினேழு வயதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அதை மிதித்து வருகிறார். இப்போது நாற்பத்து மூன்று வயது. நான் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவன். என் இடம் ஓகனுக்கு நேர் பின்னால். அவருடைய தோள் ஏறி இறங்குவதைப் பார்த்தே அடுத்த வரியை எப்போது எடுப்பது என்று எனக்குத் தெரியும்.

அவர் லண்டன் போய்வந்த கதையை அவரும் கணவர் சிமியோனும் சொல்லித்தான் அறிந்தேன். இருவர் சொன்னதும் சில இடங்களில் ஒத்துவரவில்லை. அந்த இடங்களில் ஜெயந்தினி சொன்னதையே எடுத்துக்கொண்டேன்.

லண்டனில் ஓர் இசைக் கல்லூரி, கோடை விடுமுறையில் பத்து நாள் ஓகன் வகுப்பு நடத்துகிறது. முதன்முதலாகக் குழல் ஓகன் வாசிக்க வருகிறவர்களுக்கான வகுப்பு. வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு அதில் கட்டணமில்லாத இடம் இருந்தது. ஜெயந்தினி ஒருவருக்கும் சொல்லாமல் விண்ணப்பித்தார். குழல் ஓகனில் கால்களாலும் சுரம் வாசிக்க வேண்டும், அதற்குக் கீழே தனிக் கட்டைகள் உண்டு. அந்தப் பழக்கம் இருக்கிறதா என்று கேட்டிருந்த இடத்தில், "என் கால்களுக்குத் தெரிந்தது காற்றடிப்பது மட்டும்" என்று எழுதினார். அந்த வரிக்காகத்தான் இடம் கிடைத்தது என்று சிமியோன் இன்றைக்கும் சொல்லுவார்.

விமானச் சீட்டைப் பழைய மாணவிகள் பொறுப்பெடுத்தார்கள். தங்குவதும் சாப்பாடும் பஸ்ஸும் அவர் பாடு.

ஒரு ஞாயிறு மத்தியானம், சாப்பிட்ட மேசையைத் துடைத்துவிட்டு இருவரும் கணக்குப் பார்க்க உட்கார்ந்தார்கள். சிமியோன் மின்சார சபையில் லைன் வேலை செய்பவர். கம்பத்தில் ஏறுகிற மனிதர், ஆனால் காசு விசயத்தில் தரையை விட்டுக் கால் எடுக்கமாட்டார். போனில் ஏதோ ஒரு பயணப் பக்கத்தைத் திறந்து வாசித்தார்.

"ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நூற்றைம்பது பவுண் வேணுமாம்."

"எங்கடை கலியாணத்துக்கே இருபது பவுண்தான் போட்டது" என்றார் ஜெயந்தினி.

"நகையில்லையப்பா, இங்கிலாந்துக் காசு. பவுண்ஸ்."

"விளங்குது. அந்தப் பக்கத்தை மூடுங்கோ. அது சுற்றிப் பார்க்கப் போற ஆக்களுக்கு."

முதலில் ஹோட்டல் போனது. பிறகு மாணவர் விடுதி. அதிலும் பத்து நாள் வாடகையைக் கேட்டதும் சிமியோன் தண்ணீர் குடித்தார். மிஞ்சியது ஜெயந்தினியின் பெரியம்மாவின் மகள் றஜனி வீடு, ஈஸ்ட்ஹாமில்.

"உமக்குச் சொந்த அக்கா மாதிரி. அங்கை நிண்டால் செலவே இல்லை" என்றார் சிமியோன்.

"செலவில்லைத்தான். ஆனால் ஒவ்வொரு பின்னேரமும் ஆற்றையோ வீட்டுப் பிறந்தநாளுக்குக் கூட்டிக்கொண்டு போவினம். வெறுங்கையோடை போகேலாது. காசும் போகும், பின்னேரமும் போகும்."

சொன்னவர் அப்போதே றஜனிக்கு அழைப்பெடுத்தார். சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, உங்கடை வீட்டை வந்து நிக்கலாமோ? ஆனால் நான் விருந்துக்கு ஒரு வீட்டையும் வரமாட்டன். படுக்க ஒரு இடமும் சமைக்க ஒரு அடுப்பும் காணும். கோவிக்கக்கூடாது."

றஜனி சொன்னார்: "எனக்கு இரவு வேலையடி. நீ எழும்ப நான் படுப்பன். வா, நீ இப்பிடிக் கேட்டது எனக்கும் நிம்மதி."

தங்குமிடம் முடிந்தது. கணக்கைத் தலைகீழாக்கியது அதற்குப் பிறகு கல்லூரியிலிருந்து வந்த ஒரு மின்னஞ்சல். வகுப்பு நேரம் போக, மேலதிகமாகப் பழக விரும்புகிறவர்கள் பக்கத்திலுள்ள ஒரு தேவாலயத்தின் ஓகனை வாடகைக்கு எடுக்கலாம், மணித்தியாலத்துக்குப் பன்னிரண்டு பவுண்ஸ் என்று அதில் இருந்தது.

அன்றிலிருந்து ஜெயந்தினி ரூபாயிலும் கணக்குப் பார்க்கவில்லை, பவுண்ஸிலும் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் ஓகன் மணித்தியாலமாகவே பார்த்தார். ரெயிலை விட்டுப் பஸ்ஸில் போனால் இத்தனை மணித்தியாலம் மிச்சம். மத்தியானம் கடையில் வாங்காமல் றஜனி வீட்டில் புட்டவித்துக் கொண்டுபோனால் இன்னும் கொஞ்சம். சுழல் சக்கரம், அரண்மனை, ஆற்றுப் படகு எல்லாவற்றையும் ஒரே கோட்டில் வெட்டினார். நகரத்து நடுவிலிருக்கும் பெரிய தேவாலயத்துக்குள் போய்ப் பார்க்க இருபத்தாறு பவுண்ஸ் என்று சிமியோன் தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார். அதையும் வெட்டினார்.

"லண்டனுக்குப் போய் அதைப் பார்க்காமல் வாறதோ?"

"ரெண்டு மணித்தியாலம் போகுது. நான் பார்க்கப் போகேல்லை. வாசிக்கப் போறன்."

கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் ஒரு பவுண் காப்பொன்றை விற்றார்கள். அது அறுநூறு பவுண்ஸ் சொச்சத்துக்குச் சமமாக வந்தது. விசாவுக்கும் அதற்கான கொழும்புப் பயணத்துக்கும் பாதி போனது. சிமியோன் கடைக்குள் போகவில்லை. மோட்டார்சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றார்.

ஆடி மாதம் ஜெயந்தினி போய்ச் சேர்ந்தார். றஜனி ஒரு பஸ் அட்டையைக் கையில் கொடுத்து, "முதல் பஸ் ஏறி ஒரு மணித்தியாலத்துக்குள்ளை அடுத்ததில ஏறினால் அதுக்குக் காசில்லை" என்றார். ஜெயந்தினி இரண்டு மாடிப் பஸ்ஸின் மேல்தட்டில், முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் இருந்தார். மரக்கிளைகள் கண்ணாடியில் அடித்தன. நூறு கடைகளுக்கு நூறு பாசையில் பெயர்ப்பலகை. பிறகு கடைகள் முடிந்து கண்ணாடிக் கட்டடங்கள் வந்தன. அவற்றின் உச்சியைப் பார்க்கக் கழுத்தை எவ்வளவு நிமிர்த்தியும் போதவில்லை. "படுத்துக்கொண்டு போனால்தான் முழுக்கத் தெரியும்" என்று சிமியோனுக்குக் குரற்பதிவு அனுப்பினார். இடையில் பஸ் பாலத்துக்குப் பக்கமாகத் திரும்பியபோது ஆறு தெரிந்ததாம். யாழ்ப்பாணத்தில் ஆறில்லை. கடல் ஊருக்குள் நடந்து வந்தது மாதிரி இருந்தது என்றார்.

படிப்பித்த ஆசிரியருக்கு ஓவன் என்று பெயர். இருபத்தாறு வயதிருக்கும், ஜெயந்தினியின் முதல் மாணவர்களை விடவும் இளையவர். முதல் நாள் அவரை ஓகன் முன்னாலிருந்த வாங்குப் பலகையில் இருத்தி, இடது காலால் ஆகக் கீழ்க் கட்டையை அழுத்தச் சொன்னார். ஜெயந்தினி அழுத்தினார்.

சத்தம் மேலேயிருந்து வரவில்லை, வாங்குக்குள்ளால் வந்தது என்றார். முதுகெலும்பில் ஏறியது. அறையில் ஏதோ ஒரு கண்ணாடி மெல்ல நடுங்கியது. அவருக்குப் பயம் வந்தது, சத்தம் பெரிதென்பதால் அல்ல. அது நிற்கவில்லை என்பதால். கால் அசையாமல் இருந்தது, சத்தமும் அசையாமல் இருந்தது. இருபத்தாறு வருசமாக ஒவ்வொரு சுரத்துக்கும் அவர் மிதித்துக் காற்றுக் கொடுத்தவர். இங்கே காற்று முதலே வந்து அவருக்காகக் காத்து நின்றது. சட்டென்று காலை எடுத்துவிட்டார்.

"மன்னிக்கவேணும்" என்றார் ஓவனிடம், ஆங்கிலத்தில்.

"எதற்கு? திரும்ப அழுத்துங்கள். நீங்கள் எடுக்குமட்டும் அது போகாது" என்றார் அவர்.

ஒரே ஒரு விசயம் கணக்கில் விடுபட்டிருந்தது. சப்பாத்து. குதிகாலும் விரல் நுனியும் தனித்தனியாகக் கட்டையைத் தொட வேண்டும், அதற்குச் சின்னக் குதியும் மெல்லிய அடியும் உள்ள சப்பாத்து வேண்டும். ஜெயந்தினியிடம் இருந்தது யாழ்ப்பாணத்தில் வாங்கிய தட்டைச் செருப்பு. ஓகன்காரருக்கென்று செய்த சப்பாத்தின் விலை ஐந்து மணித்தியாலத்துக்கு மேல். அன்று பின்னேரம் றஜனி வேலைக்குப் போக முன்னம் அவரைப் பழைய சாமான் விற்கும் ஒரு தருமக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். இருவரும் நிலத்தில் குந்தியிருந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போட்டுக் கழித்த சப்பாத்துகளைக் கிண்டினார்கள். நான்கு பவுண்ஸுக்கு ஒரு கறுப்புச் சோடி பொருந்தியது.

"உதைப் போட்டுக்கொண்டு என்ன செய்யப்போறாய், நடனமோ?" என்று றஜனி கேட்டார்.

"கிட்டத்தட்ட" என்றார் ஜெயந்தினி.

வாடகைத் தேவாலயத்தில் முதல் மணித்தியாலம். கதவுத் திறப்பைத் தந்துவிட்டு அங்கத்தைய பராமரிப்பாளர் போய்விட்டார். உள்ளே ஒரு சனமில்லை. குழல்கள் சுவரோடு எழும்பி நின்றன. பென்சிலளவு குழலிலிருந்து தென்னையளவு குழல் வரை. பொத்தானை அழுத்தியதும் எங்கேயோ பின்னால் ஒரு பெருமூச்சு, பிறகு அமைதி. காற்று நிரம்பிவிட்டது. ஜெயந்தினி வாசிக்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"பன்னிரண்டு பவுண்ஸில ரெண்டு பவுண்ஸை ஒண்டும் வாசிக்காமல் இருந்தே முடிச்சன்" என்று பிறகு சிமியோனிடம் சொன்னார். "அதுதான் நான் அங்கை செலவழிச்சதில வடிவான காசு."

வகுப்பு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, பெரிய தேவாலயத்தின் ஓகனைக் கேட்டீர்களா என்று ஓவன் விசாரித்தார். கணக்கில் இல்லை என்று ஜெயந்தினி சொன்னார்.

"ஏன்? பின்னேர ஆராதனைக்கு வந்தால் காசில்லையே. கதவு திறந்திருக்கும். யாரும் வரலாம்."

ஜெயந்தினி உடனே வெளியே வந்து றஜனிக்கு அழைத்தார். றஜனிக்கு அன்று ஓய்வு நாள்.

படிக்கட்டில் சந்தித்தார்கள். றஜனி மேலே கோபுரத்தைப் பார்த்தார். "பத்தொன்பது வருசமா இதுக்கு முன்னாலை பஸ்ஸில போறன். ரிக்கெற் எடுக்கவேணும் எண்டு நினைச்சு உள்ளுக்கே வரேல்லை" என்றார். வாசலில் நின்றவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தாளைக் கையில் தந்து உள்ளே கை காட்டினார்.

உள்ளே போய் இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கூரை என்று சொல்ல ஒன்றுமில்லை, மேலே இன்னொரு வானம் இருந்தது. அதன் விளிம்பில் தங்க நிறத்தில் மனிதர்கள், விரலளவு தெரிந்தார்கள். பாடகர் குழு பாடியது. பாடி முடித்த பிறகும் பாட்டு மேலே கொஞ்ச நேரம் நின்றது, இறங்க மனமில்லாதது போல.

ஆராதனை முடிந்து சனம் எழும்பிப் பையெடுத்து வெளிக்கிட்டது. அப்போது ஓகன்காரர் தனியாக வாசிக்கத் தொடங்கினார். முதலில் மெல்லியது. பிறகு ஒவ்வொரு வரிசையாகக் குழல்கள் சேர்ந்தன. கடைசியில் ஆகப் பெரிய குழல்கள் வந்தபோது அதைக் காதால் கேட்கவில்லை என்றார் ஜெயந்தினி. கதிரையின் காலில் வந்தது, பல்லில் வந்தது, நெஞ்சுக்குள் இருந்த மூச்சையே அது எடுத்து வாசித்தது. றஜனி அவருடைய கையைப் பிடித்தார்.

"ஆரடி மிதிக்கினம்?" என்று காதோடு கேட்டார். சின்ன வயதில் எங்கள் கோயிலில் ஓகனுக்குப் பக்கத்தில் இருந்து வளர்ந்தவர் றஜனி.

"ஒருத்தரும் இல்லை அக்கா. மோட்டர்."

அதைச் சொல்லும்போதுதான் ஜெயந்தினி குனிந்து பார்த்தார். கதிரைக்குக் கீழே தன்னுடைய கால்கள் இரண்டும் மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தன. நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. றஜனியும் பார்த்துவிட்டார். இருவரும் சிரிக்கவில்லை. கடைசிச் சுரம் அடங்குமட்டும் அங்கேயே இருந்தார்கள். விளக்கணைக்க வந்தவர் மரியாதையாகக் கதவைக் காட்டினார்.

இறுதி நாள் மாணவர்கள் ஒவ்வொருவராக வாசித்தார்கள். ஜெயந்தினி ஒரு ஞானப்பாட்டைக் கையாலும் காலாலும் மெதுவாக வாசித்தார். இரண்டாம் அடியில் இடது கால் பிழைத்தது, மற்றதெல்லாம் சரி. பின்வரிசையில் றஜனி வேலைச் சட்டையோடு இருந்தார். ஓவன் கை கொடுத்து, "உங்கள் வலது கால் நல்ல பிள்ளை. இடது காலை இன்னும் ஒரு வருடம் பழக்குங்கள்" என்றார்.

ஊருக்கு வந்த அன்றே சிமியோன் கேட்டார்: "அப்ப, எவ்வளவு மிச்சம்?"

"மிச்சமில்லை. பதினெட்டு மணித்தியாலம் வாங்கினன்."

அங்கே கால் கட்டைகளை அளவு நாடாவால் அளந்து ஜெயந்தினி அனுப்பியிருந்த படங்களை இன்னொரு தரம் காட்டச் சொன்னார் சிமியோன். அடுத்த மாதம் முழுக்கப் பின்னேரங்களில் வீட்டில் வாள் சத்தம் கேட்டது. பழைய கதவுப் பலகையை அறுத்து, வில்லுக்கம்பி பூட்டி, முப்பது கால் கட்டைகளையும் ஒரு சட்டத்துக்குள் செய்துவிட்டார். அதில் சுரம் வராது. கால் பழகுவதற்கு மட்டும். மின் விசைப்பலகையை மேலே வைத்தால் கை அதில் வாசிக்கும், கால் மரத்தில் வாசிக்கும்.

போன கிழமை ஒரு பாட்டுப் புத்தகம் திருப்பிக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். கரண்ட் இல்லை. உள்ளேயிருந்து மரத்தில் மரம் படும் சத்தம் மட்டும் வந்தது, ஒன்று, பிறகு ஒன்று, பிறகு இரண்டு சேர்ந்து. சிமியோன் வாசற்படியில் இருந்தார். நான் கூப்பிட வாயெடுக்க முன்னமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவ வாசிக்கிறா" என்றார் மெதுவாக. "இருங்கோ, இந்தப் பாட்டு முடியட்டும்."

நானும் படியில் இருந்தேன்.